ஒவ்வொரு பிராஞ்சுக்கும் தனி முகவரி

எங்கள் குழுவில் ஆறு பேர், டெவ் சர்வர் (வெளியிடும் முன் சோதித்துப் பார்க்கும் சர்வர்) ஒன்றுதான். "கொஞ்ச நேரம் யாரும் டெப்ளாய் பண்ணாதீங்க" என்று அரட்டையில் கேட்டுக்கொண்டே இருப்போம். ஒருநாள் நான் மாற்றிய கட்டணப் படிவத்தை டெஸ்டர் பார்த்துவிட்டு "சரியாக இருக்கிறது" என்று முடித்துவிட்டார். அவர் பார்த்தது என் பிராஞ்சே (நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் என்ற கருவியில் நான் வேலை செய்த தனிக் கிளை) இல்லை. இருபது நிமிடம் முன்பு இன்னொருவர் தன்னுடையதை அதே இடத்தில் ஏற்றியிருந்தார். பிழை நேராக வாடிக்கையாளரிடம் போய்விட்டது. அந்த வாரமே உட்கார்ந்து இதைக் கட்டினேன். ஒரு பிராஞ்சைப் புஷ் செய்தால் (சர்வருக்கு அனுப்பினால்) அதற்கென ஒரு முகவரி, ஒரு டேட்டாபேஸ் தானாக உருவாக வேண்டும். பிராஞ்சை அழித்தால் இரண்டும் தானாகப் போக வேண்டும்.

முகவரி வேலை சுலபம். டிஎன்எஸ்-இல் (முகவரிப் பெயரை ஐபி எண்ணாக மாற்றும் அமைப்பு), எந்தப் பெயருக்கும் பொருந்தும் நட்சத்திரக் குறி போட்ட ஒரே பதிவை டெவ் சர்வரின் ஐபி-க்குக் காட்டுங்கள். இலவசமாக எச்டிடிபிஎஸ் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்க்ரிப்ட் 2018 முதல் நட்சத்திரச் சான்றிதழும் தருகிறது. அதற்கு டிஎன்எஸ் வழிச் சரிபார்ப்பு கட்டாயம். என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வரில் ஒரே ஒரு சர்வர் பிளாக் போதும். வரும் முகவரியின் முதல் பகுதியை ரெகெக்ஸ் (எழுத்துகளின் வடிவத்தைப் பொருத்தும் விதி) கொண்டு பிடித்து, அதே பெயருள்ள யூனிக்ஸ் சாக்கெட்டுக்கு (ஒரே கணினியில் புரோகிராம்கள் பேசிக்கொள்ளும் கோப்பு) அனுப்புங்கள். பிராஞ்சுக்கு ஒரு போர்ட் எண் என்று ஒதுக்கினால் அந்தக் கணக்கை யாராவது வைத்திருக்க வேண்டும்; சாக்கெட்டில் அந்தத் தொல்லை இல்லை.

பெயரில்தான் கவனம் தேவை. பிராஞ்ச் பெயரில் சாய்கோடு, அடிக்கோடு, புள்ளி எல்லாம் வரும். நட்சத்திரச் சான்றிதழ் ஒரு படிநிலைக்கு மட்டுமே செல்லும் என்பதால் புள்ளி இருந்தாலே உடைந்துவிடும். டிஎன்எஸ்-இல் ஒரு பகுதி 63 எழுத்தைத் தாண்டக் கூடாது. நாங்கள் பயன்படுத்தும் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் பெயர்களுக்கும் 63 பைட்தான் எல்லை. நான் எல்லாவற்றையும் சிறிய எழுத்தாக்கி, வேண்டாத குறிகளை இணைப்புக்கோடாக மாற்றி, 40 எழுத்தில் வெட்டுகிறேன். சாய்கோட்டுடன் ஒன்றும் இணைப்புக்கோட்டுடன் ஒன்றுமாக இரண்டு பிராஞ்சுகள் இருந்தால் ஒரே பெயராகிவிடுமே? அதற்காக முழுப் பெயரின் ஹாஷிலிருந்து (பெயரிலிருந்து கணக்கிடப்படும் குறியீடு) நான்கு எழுத்தைக் கடைசியில் ஒட்டுகிறேன்.

அடுத்தது ஹூக், அதாவது ஒரு நிகழ்வின்போது கிட் தானாக ஓட்டும் ஸ்கிரிப்ட். சர்வரில் உள்ள பேர் (bare) ரெப்போவில், அதாவது கோப்புகள் விரிக்கப்படாமல் வரலாறு மட்டும் இருக்கும் கிட் களஞ்சியத்தில், போஸ்ட்-ரிசீவ் என்ற ஸ்கிரிப்ட் வையுங்கள். புஷ் முடிந்ததும் கிட் அதை ஓட்டும். பழைய கமிட் (நிரலின் ஒரு பதிவுக்கான குறியீடு), புதிய கமிட், ரெஃப் பெயர் (பிராஞ்சின் முழுப் பெயர்) ஆகிய மூன்றும் ஒரு பிராஞ்சுக்கு ஒரு வரியாக உள்ளீட்டில் வரும். புதிய கமிட் முழுக்கப் பூஜ்யமாக இருந்தால் அந்த பிராஞ்ச் அழிக்கப்பட்டது என்று பொருள். இதே ஸ்கிரிப்டில் எனக்கு அரை நாள் போயிற்று. ஹூக் ஓடும்போது கிட், ஜிஐடி-டிஐஆர் (GIT_DIR) என்ற சூழல் மாறியைத் தன் ரெப்போவுக்கு அமைத்துவிடுகிறது. வேறு ஃபோல்டருக்குள் போய் கிட் கட்டளை கொடுத்தால் "இது ரெப்போ இல்லை" என்று கத்தும். ஃபோல்டர் மாறும் முன் அந்த மாறியை அன்செட் செய்துவிடுங்கள்.

நிரலை எடுக்க ஒவ்வொரு முறையும் குளோன் (முழு நகல்) வேண்டாம். 2015-இல் வந்த கிட் 2.5 முதல் ஒர்க்ட்ரீ இருக்கிறது. ஒரே ரெப்போவின் வரலாற்றைப் பல ஃபோல்டர்கள் பகிர்ந்துகொள்ளும். அதில் பிராஞ்சையே செக்அவுட் செய்யாமல், கமிட்டை டிடாச் நிலையில் (எந்த பிராஞ்சோடும் ஒட்டாமல்) எடுங்கள். அப்போது ஃபோர்ஸ் புஷ் (வரலாற்றை மாற்றி எழுதும் புஷ்) வந்தாலும் சிக்கல் இல்லை. அப்புறம் பிராஞ்ச் பெயரில் எஃப்லாக் பூட்டு ஒன்று போடுங்கள், அடுத்தடுத்து இரண்டு புஷ் வந்தால் பில்டுகள் (நிரலை ஓடும் ஆப்பாக ஆக்கும் வேலை) மோதாது. பில்டைப் பின்னணியில் தள்ளாதீர்கள் என்பது என் கருத்து. ஹூக் அச்சிடுவதெல்லாம் புஷ் செய்தவரின் டெர்மினலிலேயே தெரியும். பில்ட் உடைந்தால் அவர்தான் முதலில் பார்க்க வேண்டும். ஆப்பை ஓட்ட, லினக்ஸில் புரோகிராம்களை இயக்கும் சிஸ்டம்டி-யின் டெம்ப்ளேட் யூனிட் (பெயர் மட்டும் மாறும் ஒரே அமைப்புக் கோப்பு) ஒன்று போதும். நினைவக உச்சவரம்பை மறக்காமல் வையுங்கள், ஒரு பிராஞ்ச் மற்றவர்களைச் சேர்த்துக் கவிழ்க்கக் கூடாது.

டேட்டாபேஸைத் தனியாகப் பிரிக்காவிட்டால் இத்தனையும் வீண். ஒருவரின் மைகிரேஷன் (டேட்டாபேஸ் அமைப்பை மாற்றும் ஸ்கிரிப்ட்) ஒரு நெடுவரிசையை நீக்கினால் எல்லோரும் விழுவார்கள். மாதிரித் தரவு நிரப்பிய டேட்டாபேஸ் ஒன்றை வைத்து, போஸ்ட்கிரெஸின் டெம்ப்ளேட் வசதியால் நகலெடுக்கிறேன். நகலெடுக்கும்போது மூலத்தில் வேறு யாரும் இணைந்திருக்கக் கூடாது. அதனால் அந்த டேட்டாபேஸை எந்த ஆப்பும் தொடாது. உண்மையான வாடிக்கையாளர் தரவை இங்கே கொண்டுவராதீர்கள். மின்னஞ்சல் அனுப்பும் பகுதியையும் அடைத்துவிடுங்கள். முகவரிகளுக்கு ஒரு கடவுச்சொல்லும் போட்டுவிடுங்கள்.

அழிக்கும் பகுதியை முதலிலேயே எழுதுங்கள். நான் "அப்புறம் பார்க்கலாம்" என்று விட்டேன். சில வாரங்களில் டிஸ்க் நிரம்பி, ஒரு வெளியீட்டுக்கு முந்தைய மாலை எல்லா பிராஞ்சும் ஒன்றாக நின்றன. யூனிட்டை நிறுத்து, ஒர்க்ட்ரீயை நீக்கு, டேட்டாபேஸை டிராப் செய், இதே வரிசையில். மெர்ஜ் ஆன (முதன்மை நிரலில் சேர்ந்துவிட்ட) பிராஞ்சை எல்லோரும் அழிப்பதில்லை என்பதால், 14 நாள் புஷ் வராத பிராஞ்சின் யூனிட்டை ஒரு டைமர் இரவில் நிறுத்தும். அடுத்த புஷ் அதை எழுப்பிவிடும்.

கடைசியாக ஒன்று சேர்த்தேன்: ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் பிராஞ்சின் பெயரும் கமிட்டின் முதல் ஏழு எழுத்தும். எங்கள் டெஸ்டர் இப்போது "சரியாக இருக்கிறது" என்று எழுதும்போது அந்த ஏழு எழுத்தையும் சேர்த்தே எழுதுகிறார்.