அட்வைஸ் சொல்லக் கற்றுத்தர வேண்டாம்: குடிநோய்ப் பயிற்சியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குடிநோயாளிகளோடு வேலை செய்யப்போகும் கவுன்சிலர்களுக்கும் செவிலியர்களுக்கும் சமூகப்பணியாளர்களுக்கும் சில ஆண்டுகளாக வகுப்பு எடுத்துவருகிறேன். ஆரம்பத்தில் காலையில் கல்லீரல் படம், மதியம் மூளைப் படம், சாயங்காலம் சான்றிதழ் என்றுதான் நடத்தினேன். ஆறு மாதம் கழித்து, என்னிடம் படித்த ஒருவர் வேலை செய்யும் இடத்துக்குப் போயிருந்தேன். எதிரே கை நடுங்க உட்கார்ந்திருந்தவரிடம், "இப்படிக் குடிச்சா பொண்டாட்டி புள்ளைங்க கதி என்ன ஆகும், யோசிச்சீங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அந்த மனிதர் அதே கேள்வியை வீட்டில் பல வருடங்களாகக் கேட்டுக் காது புளித்தவர். அதற்குப் பதிலாகச் சொல்ல வேறொரு வாக்கியத்தை என் வகுப்பு அந்தக் கவுன்சிலருக்குக் கொடுத்திருக்கவில்லை.

பயிற்சி நடத்துபவர்கள் செய்யும் பெரிய தவறு இதுதான் என்று நினைக்கிறேன். தகவலைக் கொடுக்கிறோம், பேசப் பழக்குவதில்லை. அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லர் 1983இல் எழுதிய ஒரு கட்டுரையிலிருந்துதான் ஊக்கமூட்டும் நேர்காணல் என்ற முறை வளர்ந்தது. அந்த முறை சொல்வது இதுதான்: குடிப்பவர் மனதில் விட வேண்டும், விட முடியாது என்ற இரண்டு பேச்சும் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. நாம் 'விடு' என்ற பக்கத்தில் நின்று அழுத்தினால் அவர் மறுபக்கத்தை எடுத்துப் பேசத் தொடங்குவார். தன் குடிக்குத் தானே வக்கீலாகிவிடுவார். மாறாக, "விடணும்னும் இருக்கு, விட்டா ராத்திரி தூக்கம் வராதேன்னு பயமாவும் இருக்கு, இல்லையா?" என்று அவர் சொன்னதையே திருப்பிச் சொன்னால், ஏன் விட வேண்டும் என்பதை அவரே பேசுவார்.

இதைக் கேட்டால் எளிது, வாயில் வராது. அதனால் இப்போது என் வகுப்பு நேரத்தில் பாதிக்கு மேல் நடித்துப் பழகுவதுதான். மூன்று மூன்று பேராக உட்கார வைக்கிறேன். ஒருவர் குடிநோயாளி, ஒருவர் கவுன்சிலர், மூன்றாமவர் ஒரு தாளில் எத்தனை கேள்வி, எத்தனை அட்வைஸ், எத்தனை முறை திருப்பிச் சொன்னார் என்று கோடு போட வேண்டும். முதல் சுற்றில் அட்வைஸ் பக்கம் நிறைந்துவிடும். அந்தத் தாளைப் பார்க்கும்போது அவர்களுக்கு வரும் அதிர்ச்சியை என் எந்தப் படமும் கொடுத்ததில்லை. பிறகு மாதம் ஒருமுறை கூடி உண்மையான கேஸ்களைப் பேச வேண்டும். இல்லாவிட்டால் பழைய பழக்கம் திரும்பிவிடும்.

அடுத்தது உயிரோடு சம்பந்தப்பட்டது. "இன்னிக்கே நிறுத்திடுங்க" என்று சொல்லப் பழகியவர்கள், "கடைசியா எப்போ குடிச்சீங்க?" என்று கேட்கப் பழகுவதில்லை. பல வருடம் தினமும் நிறையக் குடித்த உடம்பு சட்டென்று நிறுத்தினால் சில மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும் தொடங்கலாம். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்குச் சித்தப்பிரமை வரும். இடம் தெரியாது, இல்லாத பூச்சிகள் தெரியும், ஜுரம் அடிக்கும். கவனிக்காவிட்டால் இதில் உயிர் போகும். எலும்பு வார்டில் கால் முறிந்து சேர்ந்தவர் மூன்றாம் நாள் ராத்திரி கட்டிலிலிருந்து எழுந்து ஓடப்பார்த்தால், திமிர் என்று கட்டிப்போடுவதற்கு முன் அவர் குடிப்பவரா என்று செவிலியருக்குத் தோன்ற வேண்டும். மாலை போட்டதும் குடியை அடியோடு விடுகிறவர்களுக்கும் இது நடக்கும். அந்த நல்ல மனதை மதித்தே, முதலில் டாக்டரைப் பார்க்கச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். அதோடு, வெறும் குளுக்கோஸ் பாட்டிலை ஏற்றிவிட்டு பி1 வைட்டமினான தயமினை மறந்துவிடக் கூடாது. அது குறைந்தால் நினைவும் நடையும் நிரந்தரமாகப் பாதிக்கப்படலாம்.

குடிப்பழக்கம் எந்த அளவில் இருக்கிறது என்று கண்டறியும் வினாத்தாளை அப்படியே கொடுப்பது இன்னொரு தவறு. உலக சுகாதார நிறுவனத்தின் 'ஆடிட்' வினாத்தாளில் பத்துக் கேள்விகள், மொத்தம் 40 மதிப்பெண். 8 வந்தாலே கவனிக்க வேண்டும். மூன்றாவது கேள்வி, ஒரே தடவையில் ஆறு அளவோ அதற்கு மேலோ குடிப்பது எவ்வளவு அடிக்கடி என்பது. நம் ஊரில் யாரும் 'அளவு' கணக்கில் குடிப்பதில்லை. "ஒரு குவார்ட்டர்தான் மேடம்" என்பார்கள். 180 மில்லி பிராந்தியில் சுமார் 60 கிராம் தூய ஆல்கஹால் இருக்கிறது. 10 கிராம் ஓர் அளவு என்றால் ஒரு குவார்ட்டரே ஆறு அளவு. இந்தக் கணக்கு தெரியாதவர் 'ஒன்று' என்று எழுதிக்கொண்டு, தினமும் குடிப்பவரைப் பிரச்சினை இல்லை என்று அனுப்பிவிடுவார்.

குடும்பத்தோடு பேசுவதற்கும் பழக்க வேண்டும். "அவருக்குத் தெரியாம சாம்பார்ல கலக்க மாத்திரை குடுங்க சிஸ்டர்" என்று மனைவிகள் கேட்பார்கள், களைத்துப்போய்க் கேட்பார்கள். அவர்கள் கேட்பது டைசல்ஃபிரம் போன்ற, குடித்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் செய்யும் மாத்திரை. அது உடம்பில் இருக்கும்போது ஒருவர் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி வந்து, ரத்த அழுத்தம் இறங்கி, இதயமே நின்றுபோகலாம். தெரியாமல் கொடுப்பது ஆபத்து, அவர் உரிமையை மீறுவதும்கூட. 2017ஆம் ஆண்டின் மனநல பராமரிப்புச் சட்டம் மது, போதைப்பொருள் தொடர்பான மனநலப் பாதிப்புகளையும் உள்ளடக்கியது. சிகிச்சைக்கு ஒப்புதலும் ரகசியக் காப்பும் அதன்படி அவருடைய உரிமை. ஆனால் அந்த அம்மாவிடம் வெறும் 'கூடாது' என்று சொல்லி அனுப்பிவிடாதீர்கள். அவர் தூங்கி எத்தனை நாள் ஆயிற்று, வீட்டில் அடி விழுகிறதா என்று கேட்கவும் பழக்குங்கள்.

ஓபியாய்டு எனும் அபின் வகைப் போதை மாத்திரையும் ஊசியும் எடுப்பவர்களைப் பற்றி வகுப்பில் பேசாமல் விட்டுவிடுவதும் உண்டு. கொஞ்ச நாள் நிறுத்தினாலே உடம்பின் தாங்கும் சக்தி குறைந்துவிடும். சிகிச்சை மையத்திலிருந்து வெளியே வந்து பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்றுவிடலாம். இதை அவரை வீட்டுக்கு அனுப்பும் முன்பே அவரிடமும் குடும்பத்திடமும் சொல்லியாக வேண்டும். அந்தப் போதையிலிருந்து மீள டாக்டர் கொடுக்கும் புப்ரினார்ஃபின் மருந்துச் சிகிச்சையை 'இதுவும் போதைதானே' என்று பயிற்சி நடத்துபவரே பேசினால், கேட்பவர்களும் அதையே பேசுவார்கள்.

மறுபடி குடிப்பதைத் தோல்வி என்று சொல்லிக்கொடுப்பதுதான் என்னை ரொம்பவும் வருத்துகிறது. மத்திய அரசுக்காக எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளியான ஆய்வின்படி, மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைத்திருக்கிறது. அப்படி வந்து சேர்ந்த ஒருவர், நாலு மாதம் கழித்து "மறுபடி ஆரம்பிச்சுட்டேன் சார்" என்று போன் செய்கிறார். "அவ்வளவு சொல்லியும்..." என்று பதில் வந்தால் அவர் இன்னொரு முறை போன் செய்ய மாட்டார். அதனால் வகுப்பின் கடைசி அரை மணி நேரத்தை அந்த போனுக்காகவே வைத்திருக்கிறேன். ஒவ்வொருவரும் எழுந்து நின்று, சத்தமாகச் சொல்லிப் பார்க்க வேண்டும்: "போன் பண்ணீங்களே, ரொம்ப நல்லது. கடைசியா எப்போ குடிச்சீங்க? இப்போ உடம்பு எப்படி இருக்கு?"