உயரமான இடத்தில், வீசி அடிக்கும் காற்றில் பாராமோட்டார் கிளப்பும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

காற்று எவ்வளவு இருக்கிறது என்று கேட்டால், பாராமோட்டார் (முதுகில் புரொப்பெல்லர் எந்திரத்தை மாட்டிக்கொண்டு, விங் என்கிற துணி இறக்கையோடு ஓடி எழுந்து பறப்பது) ஓட்டுகிற பலரும் அதிகபட்ச எண்ணைத்தான் சொல்வார்கள். “இருபது வரைக்கும் போகுது, அதுக்கு மேல போகல, கிளம்பிடலாம்.” காற்று எந்த அளவுக்குக் குறைகிறது என்று யாரும் சொல்வதில்லை. உயரமான இடத்தில் ஆளைக் கீழே போடுவது பெரும்பாலும் அந்தக் குறைவுதான். வீச்சு வரும்போது விங் மேலே வந்துவிடும், கால் லேசாகிவிடும், எல்லாம் சரியாக நடப்பது போலவே இருக்கும். அடுத்த இரண்டு விநாடியில் காற்று தணிந்துவிட்டால், அதுவரை காற்று கொடுத்துக்கொண்டிருந்த வேகத்தை ஒன்று கால் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் எந்திரம் கொடுக்க வேண்டும். உயரத்தில் இரண்டுமே கடன் சொல்லும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கடல்மட்டத்தில் உங்கள் விங் மணிக்கு 30 கிலோமீட்டர் காற்றுவேகத்தில் ஆளைத் தூக்கும் என்று வைத்துக்கொள்வோம். எதிர்க்காற்று 20 என்றால் நீங்கள் ஓட வேண்டியது 10 மட்டும். வேகநடையைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். காற்று சட்டென்று 8-க்கு இறங்கினால் 22 வேகத்தில் ஓட வேண்டும். முதுகில் 30 கிலோ எந்திரத்தோடு அந்த வேகத்தில் யாரும் ஓடுவதில்லை. இது கடல்மட்டத்துக் கணக்கு. உயரத்தில் அதே விங் அதே ஆளைத் தூக்க 30 போதாது, 34 அல்லது 35 வேண்டும். அப்போது தணிவு நேரத்தில் 26-க்கு மேல் ஓட வேண்டிவரும்.

ஆகவே காற்றுமானியைக் கையில் பிடித்து ஒரு தடவை பார்த்துவிட்டுப் பையில் போடுவது முதல் தவறு. குறைந்தது பத்துப் பதினைந்து நிமிடம் பாருங்கள். மேல் எண், கீழ் எண் இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு வீச்சுக்கும் அடுத்ததற்கும் எவ்வளவு இடைவெளி, வீச்சின்போது திசை மாறுகிறதா என்றும் பாருங்கள். சராசரி 12 என்பதே ஒன்றும் சொல்லாது. 10-க்கும் 14-க்கும் நடுவே ஆடும் 12 வேறு, 4-க்கும் 20-க்கும் நடுவே ஆடும் 12 வேறு. இன்னொன்று: காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. காற்று 10-லிருந்து 20-க்கு ஏறினால் விங்கின் இழுவை இரண்டு மடங்கு ஆவதில்லை, நான்கு மடங்கு ஆகிறது.

உயரமானியை மட்டும் நம்புவது

“இந்த இடம் 2,000 மீட்டர்தான்” என்று சொல்கிறவர் வெப்பநிலையைப் பார்க்கவில்லை. எந்திரத்துக்கும் விங்குக்கும் தெரிவது காற்றின் அடர்த்தி மட்டும்தான், வரைபடத்தில் உள்ள உயரம் அல்ல. விமானத்துறையில் வைத்திருக்கும் நியம வளிமண்டலக் கணக்கில் கடல்மட்டத்தில் 15 டிகிரி செல்சியஸ். மேலே போகப் போக 1,000 மீட்டருக்கு 6.5 டிகிரி குறையும். அப்படியானால் 2,000 மீட்டரில் 2 டிகிரிதான் இருக்க வேண்டும். நீங்கள் நிற்கும் நேரத்தில் அங்கே 25 டிகிரி வெயில் என்றால், 23 டிகிரி அதிகம். ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 36 மீட்டர் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய 2,800 மீட்டரில் நிற்பதற்குச் சமம். கடல்மட்டத்தோடு ஒப்பிட்டால் அங்கே காற்றின் அடர்த்தி கிட்டத்தட்ட 24% குறைவு. தரையை விட்டு எழத் தேவையான உண்மையான வேகம் 15% அதிகம். மேலே சொன்ன 30, 34-க்கு மேல் போனது இப்படித்தான்.

இதில் ஆளை ஏமாற்றுவது சத்தம். மெல்லிய காற்றில் எந்திரத்தின் சக்தி குறைகிறது. ஆனால் அந்தக் காற்றை வெட்டுவதற்குப் புரொப்பெல்லருக்கும் குறைந்த சக்தியே போதும். இரண்டும் சேர்ந்தே குறைவதால், எரிபொருளைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டர் சரியாக அமைந்திருந்தால் சுழற்சி எண்ணிக்கை கிட்டத்தட்ட பழையபடியே இருக்கும். காதுக்கு அதே உறுமல், மீட்டரிலும் ஏறத்தாழ அதே எண். தள்ளுவிசை மட்டும் கால்பங்கு போயிருக்கும். “எஞ்சின் நல்லா ஓடுது” என்பதை வைத்து முடிவெடுக்காதீர்கள். முழு த்ராட்டிலில் முதுகை எவ்வளவு தள்ளுகிறது என்று நின்ற இடத்திலேயே உணர்ந்து பாருங்கள்.

கால்பங்குதானே என்று தோன்றலாம். ஏறுவதற்குப் பயன்படுவது மொத்தத் தள்ளுவிசை அல்ல, பறக்கும்போது விங் பின்னுக்கு இழுக்கும் இழுவையைச் சமாளித்த பிறகு மிஞ்சுவது. ஆள், எந்திரம், விங் எல்லாம் சேர்த்து 120 கிலோ, இழுவை 20 கிலோ, கடல்மட்டத்தில் தள்ளுவிசை 50 கிலோ என்றால் மிச்சம் 30. தள்ளுவிசை 38 ஆனால் மிச்சம் 18-தான். எந்திரம் இழந்தது கால்பங்கு, ஏறும் கோணம் இழந்தது நாற்பது சதவீதம். வழக்கமாக எளிதாகத் தாண்டும் மரவரிசையை இன்று தாண்ட முடியாமல் போவதற்குக் காரணம் இதுவே. அந்த மரவரிசைக்குப் பக்கத்தில் ஒரு கீழிறங்கும் காற்றும் இருந்துவிட்டால் மிச்சமே இல்லை.

பாராமோட்டார் மிக உயரமெல்லாம் போயிருக்கிறது என்பது உண்மை. ஸ்பெயினின் ரமோன் மொரியாஸ் 2009 செப்டம்பரில் 7,589 மீட்டரைத் தொட்டு உலக சாதனை வைத்தார். ஆனால் பறந்துபோய் ஓர் உயரத்தை அடைவதும் அந்த உயரத்தில் நின்று கிளம்புவதும் ஒன்றல்ல. பறக்கும்போது சக்தி குறைந்தால் மெதுவாக ஏறுவீர்கள். தரையில் குறைந்தால் அந்தக் குறையைக் கால்தான் ஈடுகட்ட வேண்டும்.

கார்புரேட்டரைத் தொடாமல் வருவது

தாழ்வான இடத்தில் அமைத்த கார்புரேட்டரை அப்படியே மேலே கொண்டுவந்தால் காற்றுக்கு மிஞ்சி எரிபொருள் போகும். எந்திரம் தொண்டை அடைத்தது போல இருமும், பிளக் கறுக்கும், த்ராட்டிலைத் திறந்தால் தயங்கித் தயங்கி ஏறும். அந்தத் தயக்கம், காற்று தணிந்த அதே விநாடியில் வந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. முந்தைய நாளே போய், அந்த உயரத்தில் ஓடவிட்டு, எந்திரக் கையேடு சொல்கிறபடி எரிபொருள் அளவைத் தீர்மானிக்கும் ஊசியையோ ஜெட்டையோ மாற்றிச் சரிசெய்துகொள்வதுதான் முறை. கிளம்பும் இடத்தில், காற்று நன்றாக வருகிற நேரத்தில், அவசரத்தில் திருகாணியைத் திருகுவது வேலைக்காகாது.

எரிபொருள் மிஞ்சிய எந்திரம் சீக்கிரம் பிடிக்காது. உடனே த்ராட்டிலைக் கொஞ்சம் திறந்து வைத்துக்கொண்டு கயிற்றை இழுப்பார்கள். நாலாவது இழுப்பில் பிடித்தால் அரைத் த்ராட்டிலில் பிடிக்கும். தரையில் வைத்திருக்கும் எந்திரம் ஆள்மேல் பாயும், புரொப்பெல்லரைச் சுற்றியுள்ள கூண்டைப் பிடித்திருக்கும் கை புரொப்பெல்லர் பக்கம் போகும். பாராமோட்டாரில் கைவிரல் போன விபத்துகள் வானத்தில் நடந்ததைவிடத் தரையில் இப்படி நடந்தவைதான் கண்முன் வருகின்றன. எந்திரத்தை முதுகில் மாட்டிக்கொண்டோ, பின்னால் அசையாத ஒன்றில் நன்றாகச் சாய்த்து வைத்தோ கிளப்புங்கள். த்ராட்டில் முழுக்க மூடியிருக்கிறதா, அணைக்கும் பொத்தான் வேலை செய்கிறதா என்று கயிற்றைத் தொடும் முன்பே பார்த்துவிடுங்கள்.

நேரமும் இடமும்

வெயில் ஏறிய பிறகு மலைப்பகுதியில் காற்று அமைதியாக இருக்கும் என்று எதிர்பார்ப்பது வீண். சரிவுகள் சூடாகி, அனல் குமிழ்கள் கிளம்பி, பள்ளத்தாக்குக் காற்று மதியத்துக்கு மேல் வலுக்கும். விடிந்த பிறகு வரும் முதல் ஒன்றிரண்டு மணி நேரம்தான் பொதுவாக நல்லது. குளிர்ச்சியால் அடர்த்தியும் கூடியிருக்கும். மாலையிலும் அமைதி வரும், ஆனால் அதில் ஒரு வில்லங்கம் உண்டு. வெயில் இறங்கியதும் குளிர்ந்த காற்று சரிவில் கீழ்நோக்கி வழியத் தொடங்கும். மேலே பள்ளத்தாக்குக் காற்று இன்னும் எதிர்த்திசையில் போய்க்கொண்டிருக்கும். தரையில் எதிர்க்காற்று என்று கிளம்பி, சற்று மேலே போனதும் பின்காற்றில் மாட்டுவது அப்படித்தான்.

சரிவில் கீழ்நோக்கிக் காற்று வந்தால், எதிர்க்காற்று வேண்டும் என்பதற்காக மேட்டைப் பார்த்து ஓடாதீர்கள். தரை ஏறுகிறது, காற்று இறங்குகிறது, நடுவில் பலம் குறைந்த எந்திரம். அந்த இடம் அன்றைக்கு இல்லை என்று விட்டுவிடுவது மேல். காற்று வரும் பக்கத்தில் முகடோ கட்டடமோ மரக்கூட்டமோ இருந்தால் அதன் பின்னால் சுழல் இருக்கும். தடுப்பின் உயரத்தைப் போலப் பத்து மடங்கு தூரம் வரைகூட அது நீளலாம். விண்ட்சாக் (காற்றின் திசை காட்டும் துணிக்குழாய்) ஒரே இடத்தில் நின்று திசையை மாற்றி மாற்றிக் காட்டினால், அது காற்றின் குணமாக இல்லாமல் நீங்கள் சுழலுக்குள் நிற்பதன் அடையாளமாகவும் இருக்கலாம். நூறு மீட்டர் தள்ளி இன்னொரு துணிப்பட்டையைக் கட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

விங்கைத் தூக்கும்போது

வீச்சுள்ள காற்றில் முழு விங்கையும் விரித்துப் போட்டுவிட்டு ஹெல்மெட் மாட்டப் போகக்கூடாது. ரோஜாப்பூ போலச் சுருட்டிக் குவித்து வைத்து, ஹார்னஸில் (உடலோடு கட்டும் பட்டைகளும் இருக்கையும்) முழுதாக மாட்டிக்கொண்ட பிறகு விரியுங்கள். விங்கைப் பார்த்து நின்று தூக்கும் முறைதான் இந்தக் காற்றுக்குப் பொருத்தம். ஆனால் எந்தப் பக்கம் திரும்புவது என்று ரைசரை (விங்கின் கயிறுகளை ஹார்னஸோடு இணைக்கும் பட்டை) மாட்டும்போதே முடிவாகியிருக்க வேண்டும். தவறான பக்கம் திரும்பினால் கயிறுகள் முறுக்கிக்கொள்ளும். ரைசரை இழுக்கும் வேகத்தில் கையிலுள்ள த்ராட்டில் அழுந்திவிடுவதும் அடிக்கடி நடக்கிறது. விங் பின்னால் தாழ்வாக இருக்கும்போது முழுச் சக்தி கொடுத்தால் கயிறுகள் கூண்டை அழுத்தி வளைக்கும், கூண்டு புரொப்பெல்லரைத் தொடும். விங் தலைக்கு மேல் வந்து, நிலைத்து, நீங்கள் திரும்பி நின்று, அதற்கப்புறம்தான் த்ராட்டில்.

வீச்சை நம்பி விங்கைத் தூக்காதீர்கள். வீச்சின் உச்சியில் தூக்கினால் அது ஆளையே பின்னால் தூக்கிப் போடும், அல்லது தலையைத் தாண்டி முன்னால் பாய்ந்து மடங்கும். வீச்சு அடங்கும் நேரத்தில் தூக்கி, ஒரு சுற்று முழுக்க, அதாவது அடுத்த வீச்சும் தணிவும் கடக்கும் வரை, தலைக்கு மேல் வைத்து நின்று பாருங்கள். அதைச் செய்ய முடியாத காற்றில் பறப்பதற்கும் இடமில்லை.

இழுத்துக்கொண்டு போனால் முதலில் எந்திரத்தை அணையுங்கள். பதற்றத்தில், விங்கின் பின்விளிம்பைக் கீழே இழுக்கும் இரண்டு பிரேக்கையும் சேர்த்து இழுப்பார்கள். அப்படி இழுத்தால் பலத்த காற்றில் விங் இன்னும் வலுவாக இழுக்கும். பின் ரைசர்களை இழுத்து மடக்க வேண்டும், அல்லது ஒரு பக்க பிரேக் கயிற்றை மட்டும் கைமாற்றிக் கைமாற்றி உள்ளே இழுத்து, விங்கை நோக்கி ஓட வேண்டும்.

இதெல்லாம் சரியாக நடந்தும் கெட்டுப்போவது, சீக்கிரம் உட்கார்ந்துவிடுவதால். கால் தரையை விட்டதும் இருக்கையைத் தேடி முட்டியை மடக்குவார்கள். உயரத்தில் முதல் சில மீட்டர் ஏற்றம் பொய். வீச்சு தூக்கிய உயரம் அது, தணிவு திருப்பிக் கேட்கும். மடக்கிய காலோடு இறங்கினால் கூண்டும் புரொப்பெல்லரும்தான் தரையைத் தொடும். தரை நன்றாகக் கீழே போகும் வரை ஓடும் நிலையிலேயே காலை வையுங்கள். கீழே இறங்குகிறது என்று தெரிந்ததும் பிரேக்கை ஆழமாக இழுத்து உயரத்தைத் தக்கவைக்கப் பார்ப்பதும் இதே வகைதான்: வேகம் ஏற்கெனவே குறைவு, பிரேக் மீதியையும் தின்றுவிடும், விங் பறப்பதை நிறுத்திவிடும்.

ரிஃப்ளெக்ஸ் விங் (எளிதில் மடங்காதபடி பின்பகுதி சற்று மேல்நோக்கி வளைந்த விங்) வைத்திருப்பவர்கள், கொந்தளிப்பில் மடங்காமல் இருக்கட்டும் என்று டிரிம்மரை (ரைசரின் நீளத்தை மாற்றி வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பட்டை) திறந்துவிட்டுக் கிளம்புவதைப் பார்க்கலாம். திறந்தால் எழத் தேவையான வேகம் கூடும், அந்த வேகம்தான் கையில் இல்லை. உங்கள் விங்கின் கையேடு கிளம்புவதற்கு எந்த அளவைச் சொல்கிறதோ அதுவே சரி. விங்கின் அளவிலும் இந்த இழுபறி உண்டு. பெரியது சீக்கிரம் தூக்கும், ஆனால் வீச்சில் இழுத்துப் போடும். சின்னது அடங்கி நிற்கும், ஓட்டம் அதிகம் கேட்கும். என்னைக் கேட்டால், விங்கை மாற்றித் தீர்க்க வேண்டிய பிரச்சினையாக இது தோன்றும் நாளில் நேரத்தை மாற்றுவதுதான் சுலபம்.

ஓடத் தொடங்கும் முன்பே ஒரு கல்லையோ புதரையோ குறித்து வையுங்கள்: அதற்குள் எழவில்லை என்றால் அணைத்துவிட வேண்டும். “இன்னும் நாலு எட்டு வைத்தால் எழுந்துவிடும்” என்று ஓடிக்கொண்டே முடிவெடுக்கிறவர் எப்போதும் இன்னும் நாலு எட்டுதான் வைப்பார். இரண்டு முறை ஓடி நின்றுவிட்டால் இறக்கி வைத்து மூச்சு வாங்குங்கள். மெல்லிய காற்றில் களைப்பு சீக்கிரம் வரும், விரல் மரத்துப்போகும், மூன்றாவது ஓட்டம் முதலாவதைவிட மெதுவாகவே இருக்கும்.

எழுந்த பிறகு அவசரமாகத் திரும்பாதீர்கள். கடல்மட்டத்தில் 36 வேகத்தில் பறக்கும் விங் இங்கே 41-ல் பறக்கிறது. பின்காற்று 20 சேர்ந்தால் தரை 60-க்கு மேல் ஓடும். தாழ்வாகப் பறக்கும்போது அதைப் பார்த்து, வேகம் அதிகம் என்று நினைத்து பிரேக்கை இழுத்தால் விங் நின்றுபோகும். முழுச் சக்தியில் எந்திரம் ஒரு பக்கம் முறுக்கும். அதை எதிர்ப்பக்க பிரேக்கால் மட்டும் அடக்கப் பார்த்தாலும் இதே கதிதான். த்ராட்டிலைக் கொஞ்சம் குறைத்தால் முறுக்கு தானாக விடும்.

மேலே சரிசெய்த கார்புரேட்டரோடு அடுத்த நாள் தாழ்வான இடத்தில் பறக்கப் போகிறவர்களுக்கு ஒன்று. அடர்த்தியான காற்றில் அந்த அமைப்பு எரிபொருள் போதாமல் ஓடும். எந்திரம் கூர்மையாக, உற்சாகமாகவே இருக்கும். சூடு ஏறிப் பிஸ்டன் பிடிக்கும் வரை ஒன்றும் தெரியாது. திருகாணியை எத்தனை கால்சுற்று மாற்றினீர்கள் என்று ஒரு டேப்பில் எழுதி எரிபொருள் டாங்கின்மேல் ஒட்டி வையுங்கள், கீழே வந்ததும் முதல் வேலையாகத் திருப்பி வைக்க.