வார்டில் ஒரே தொல்லை திரும்பத் திரும்ப வந்தால் காரணத்தைப் பிடிப்பது எப்படி?

முதலில் ஒரு பேப்பரை எடுத்து, யாருக்கு வந்தது, யாருக்கு வரவில்லை என்று இரண்டு பக்கமாக எழுதுங்கள். வராதவர்களைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள், பாதித் துப்பு அங்கேதான் இருக்கும்.

1840களில் வியன்னா பொது மருத்துவமனையில் செம்மல்வைஸ் என்ற மருத்துவர் இப்படித்தான் ஆரம்பித்தார். அங்கே இரண்டு பிரசவ வார்டுகள். மருத்துவ மாணவர்கள் பார்த்த வார்டில் பிரசவக் காய்ச்சலால் தாய்மார்கள் கொத்துக்கொத்தாக இறந்தார்கள், மருத்துவச்சிகள் பார்த்ததில் சாவு மிகக் குறைவு, வழியில் தெருவிலேயே பெற்றுவிட்டு வந்தவர்களுக்குக்கூட காய்ச்சல் அவ்வளவாக வரவில்லை. இப்படிக் கண்ணில் பட்டதையெல்லாம் சேர்த்து ஒரு ஊகத்துக்கு வருவதுதான் தொகுத்தாய்வு. ஊகம், அவ்வளவுதான்; அதை வைத்து மருந்தை மாற்றிவிடாதீர்கள்.

அப்புறம் பகுத்தாய்வு. 'இது சரி என்றால் வேறு என்ன நடந்திருக்க வேண்டும்?' என்று ஒவ்வொரு ஊகத்தையும் மடக்குங்கள். கெட்ட காற்றுதான் காரணமா? அப்படியானால் பக்கத்து வார்டிலும் அதே அளவு சாவு இருந்திருக்க வேண்டும். நெரிசலா? மருத்துவச்சிகள் வார்டில்தான் கூட்டமே அதிகம். சாகக் கிடப்பவர்களுக்குக் கடைசிச் சடங்கு செய்யப் பாதிரியார் மணியோடு போவதைப் பார்த்துப் பயந்து சாகிறார்கள் என்றுகூட ஒரு ஊகம் இருந்தது (சிரிக்காதீர்கள், அதையும் நிறுத்திப் பார்த்தார்), பலனில்லை.

1847-இல் அவருடைய நண்பர் கொலெட்ச்கா பிரேதப் பரிசோதனையின்போது கத்தி பட்டு, கிட்டத்தட்ட அதே நோய்க்குறிகளோடு இறந்தார். மாணவர்களும் பிணவறையிலிருந்து நேராகப் பிரசவ வார்டுக்கு வருகிறவர்கள்தான். கையில் ஒட்டி வருவதுதான் காரணம் என்றால், கையைச் சுத்தம் செய்தால் சாவு குறைய வேண்டும், இல்லையா? குளோரின் சேர்ந்த சுண்ணாம்புக் கரைசலில் கழுவ வைத்தார். ஏப்ரலில் 18 சதவீதத்தைத் தாண்டியிருந்த சாவு ஜூனில் 2 சதவீதத்துக்குப் பக்கம் வந்தது. பிற்பாடு, கர்ப்பப்பைப் புற்றுநோய் இருந்த ஒரு பெண்ணைப் பரிசோதித்த கையாலேயே மற்றவர்களையும் பார்த்தபோது மறுபடி சாவுகள். பிணம் மட்டுமல்ல, அழுகும் எந்தப் பொருளும் ஆகாது என்று ஊகத்தை விரித்துக்கொண்டார். புதுத் தகவல் வந்தால் நீங்களும் அப்படித் திருத்துங்கள்.

இன்றைக்கு, இன்சுலின் போடும் ஒருவருக்குக் காலையில் மட்டும் சுகர் ஏறி நிற்கிறது என்று வையுங்கள். இராத்திரி டோஸ் போதவில்லை என்றுதான் உடனே தோன்றும். அது சரியென்றால் விடிகாலை 3 மணிக்கும் சுகர் அதிகமாக இருக்க வேண்டும், அந்த நேரத்தில் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். 60-க்கு இறங்கியிருந்தால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும், டோஸைக் கூட்டுவது ஆபத்து. உடனே டாக்டரிடம் அந்த எண்ணைச் சொல்லுங்கள்.