ஊருக்கு வந்தால் ஈயக் கப்பலையும் ஒரு நடை பார்த்துவிடுங்கள்

மெல்பர்ன், லண்டனிலிருந்து பிள்ளைகளோடு கோலாலம்பூர் வருபவர்கள் பத்துமலை, பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைச் சாப்பாடு, சன்வே லகூன் என்று நாளை ஓட்டிவிடுகிறார்கள். சன்வே லகூன் பள்ளமே பழைய ஈயலம்பம், அதாவது வெள்ளீயச் சுரங்கம்தான் என்று பிள்ளைகளுக்கு யார் சொல்கிறார்கள்? சுங்கை பீசியில் இருக்கும் மைன்ஸ் ஏரியும் அப்படித்தான். 1857-ல் அம்பாங் பக்கம் ஈயம் தேடிப் போன 87 சீனர்களை வைத்துத்தான் இந்த ஊரின் கதையே ஆரம்பிக்கிறது.

ஒரு நாள் ஒதுக்கிப் பேராக் மாநிலத்துக்குப் போய்விட்டு வாருங்கள். பத்து காஜாவுக்குத் தெற்கே டி.டி.5 என்ற ஈயக் கப்பல் நிற்கிறது. தாத்தாமார் வாயில் அது 'கப்பால் கோரேக்', மலாயில் தோண்டும் கப்பல். 1938-ல் கட்டியது, 4,500 டன் எடை, 1982 வரை ஓடியது. கப்பல் என்றதும் கடலைத் தேட வேண்டாம். தான் தோண்டிய குட்டையிலேயே மிதந்து, முன்னால் சங்கிலி வாளிகளால் மண்ணை அள்ளி, உள்ளே அலசி, ஈயத்தை வைத்துக்கொண்டு மணலைப் பின்னால் கொட்டும். முன்னால் தோண்டத் தோண்டப் பின்னால் தூரும். கப்பலோடு குட்டையும் நகரும். பிள்ளைகளை அந்த வாளி ஒன்றின் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள், அளவு புரியும்.

கே.எல். செண்ட்ரலில் இ.டி.எஸ். ரயில் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும். பத்து காஜாவில் நிற்கும் ரயிலா என்று பார்த்துப் பதியுங்கள். தீபாவளி, பள்ளி விடுமுறை என்றால் டிக்கெட் முன்கூட்டியே தீர்ந்துவிடும். ஸ்டேஷனிலிருந்து கார்தான். கொண்டுபோய் விடுபவரையே திரும்ப வரச் சொல்லிப் பேசிக்கொள்ளுங்கள். நான் பேசாமல் விட்டு வெயிலில் முக்கால் மணி நேரம் காய்ந்தேன். இரும்புப் படிகள், ஆகவே செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள். எந்த நாள் திறப்பு என்று கிளம்பும் முன் கேட்டுக்கொள்வது நல்லது.

நேரம் இருந்தால் ஈப்போவில் சுல்தான் அஸ்லான் ஷா சாலையில் உள்ள மண்ணியல் அருங்காட்சியகத்துக்கும் போகலாம். கனிமத் துறை அலுவலக வளாகம் அது, வாரநாளில் போங்கள். பளபளக்கும் படிகங்களில் மயங்கிவிடாமல் ஈயக்கல்லைத் தேடுங்கள். என் பெரியப்பா வீட்டில் ஜாம் போத்தல் நிறைய ஈயமணல் இருந்தது. பார்வைக்குக் கறுப்பு எள். ஒரு கையால் தூக்கினால் மணிக்கட்டு கீழே போகும். சாதாரண மணலைவிட இரண்டரை மடங்கு கனம். அந்தக் கனத்தை நம்பித்தான் பெண்கள் ஆற்றில் துலாங் தட்டை ஆட்டி ஈயத்தைப் பிரித்தார்கள்.

இங்கெல்லாம் நம்மவர் முகம் அதிகம் தென்படாது. லம்பம் பெரும்பாலும் சீனர் கதை, கப்பல் வெள்ளைக்காரன் கம்பெனி. நம் பங்கைத் தண்டவாளத்தில் பார்க்க வேண்டும். 1885-ல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு ஈயம் ஏற்றப் போட்ட முதல் ரயில் பாதையில் உழைத்தது இலங்கையிலிருந்து வந்த பயனியர் படை. நிலக்கரியில் நம் ஆட்கள் இருந்தார்கள். ரவாங் பக்கம் பத்து ஆராங்கில் சுரங்கம் 1960 வரை நடந்தது. பழைய புகைபோக்கிகள் இன்னும் நிற்கின்றன. கார் இருந்தால் அரை நாளில் பார்த்துத் திரும்பலாம்.

பேராக் வரை முடியாதவர்கள் செத்தாப்பாக்கில் ராயல் சிலாங்கூர் பியூட்டர் தொழிற்சாலைக்குப் போகலாம். பியூட்டர் என்பது செம்பும் ஆன்டிமனியும் கொஞ்சம் சேர்த்த வெள்ளீயம்தான். பரிசுப்பொருள் விலை கையைக் கடிக்கும். பாட்டி வீட்டுப் பரணில் ரசம் வைத்த ஈயச்சொம்பு கிடந்தால் அதையே கேட்டு வாங்கிப் பெட்டியில் வையுங்கள். மெல்பர்ன், லண்டன் போய் வெறும் சொம்பை அடுப்பில் ஏற்றிவிடாதீர்கள், 232 டிகிரியிலேயே உருகிவிடும்.