படுக்கைப்புண் தடுக்கும் கருவி நிஜமாகவே உதவுகிறதா? சோதித்துப் பார்க்கும் முறை

காற்று மெத்தை, தோலடி ஈரத்தை அளக்கும் ஸ்கேனர், நோயாளி அசைந்தாரா என்று சொல்லும் சென்சார் என்று படுக்கைப்புண்ணைத் தடுக்கப் பல கருவிகள் இருக்கின்றன. இவற்றில் ஒன்றை உங்கள் வார்டுக்குச் சோதித்துச் சொல்லச் சொன்னால் இப்படித் தொடங்குங்கள்.

படி 1: கருவியின் வேலையைப் பிரித்துப் பாருங்கள்

மெத்தையும் குதிகால் தாங்கியும் அழுத்தத்தையே குறைக்கின்றன. ஸ்கேனரும் சென்சாரும் எச்சரிக்க மட்டுமே செய்யும். எச்சரிக்கை வந்ததும் ஒருவர் போய் நோயாளியைத் திருப்பிப் படுக்க வைத்தால்தான் பலன். அதனால் எச்சரிக்கும் கருவி என்றால், ஒலி எழுந்த நேரத்தையும் நோயாளியைத் திருப்பிய நேரத்தையும் சேர்த்தே எழுதி வையுங்கள்.

படி 2: யாருக்குக் கொடுக்கிறீர்கள்?

ஒருவருக்குப் படுக்கைப்புண் வரும் ஆபத்தை மதிப்பிடும் பிரேடன் அளவுகோலில் 6 முதல் 23 வரை மதிப்பெண் உண்டு. குறையக் குறைய ஆபத்து அதிகம். பொதுவாக 18-ம் அதற்குக் கீழும் கவனிக்க வேண்டியவர்கள். புது மெத்தையில் ஓரளவு நடமாடுபவர்களையும் பழைய மெத்தையில் அசையவே முடியாதவர்களையும் படுக்க வைத்தால், எந்த மெத்தையும் ஜெயித்துவிடும்.

படி 3: தோலைப் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள்

எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். முதல் நிலைப் புண்ணில் தோல் கிழிந்திருக்காது. சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்துத் திரும்பச் சிவந்தால் ரத்த ஓட்டம் இருக்கிறது. வெளுக்கவே இல்லையென்றால் அது முதல் நிலை. கருத்த தோலில் இந்தச் சிவப்பு சரியாகத் தெரியாது. அங்கே பக்கத்துத் தோலோடு ஒப்பிட்டுத் தொட்டுப் பாருங்கள்: சூடாகவோ சில்லென்றோ இருக்கிறதா, கெட்டியாகவோ கொழகொழவென்றோ இருக்கிறதா, வலிக்கிறது என்கிறாரா? வால் எலும்புப் பகுதி, குதிகால், இடுப்பு எலும்பு மட்டுமல்ல, ஆக்சிஜன் குழாய் உரசும் காதின் பின்புறத்தையும் விடாதீர்கள். இரண்டு நர்ஸ்கள் தனித்தனியாகப் பார்த்துப் பதிவு செய்து, அப்புறம் ஒப்பிடுவது நல்லது.

படி 4: புதுப் புண்ணை மட்டும் எண்ணுங்கள்

வார்டில் இன்று எத்தனை பேருக்குப் புண் இருக்கிறது என்ற கணக்கில், வரும்போதே புண்ணோடு வந்தவர்களும் சேர்ந்துவிடுவார்கள். சேரும் நாளிலேயே தோலைப் பரிசோதித்துப் பதிவு செய்யுங்கள். அதற்குப் பிறகு வந்த புண்தான் கருவியின் கணக்கு.

படி 5: விலையைத் தரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்

பிரிட்டனில் 2,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் நடந்து 2019-ல் வெளியான பிரஷர் 2 ஆய்வு, மாறி மாறிக் காற்று நிரம்பும் மெத்தையையும் உயர்தர ஃபோம் மெத்தையையும் ஒப்பிட்டது. முதன்மை முடிவில் புள்ளியியல்படி உறுதியான வித்தியாசம் தெரியவில்லை. ஃபோம் போதும் என்று இதிலிருந்து எல்லோருக்கும் முடிவு கட்ட முடியாது. ஆனால் விலை உயர்ந்ததை வாங்கக் காரணம் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

படி 6: வார்டில் ஓட்டிப் பாருங்கள்

மெத்தையில் நோயாளியின் எடை சரியாகப் பதிவாகியிருக்கிறதா? கரண்ட் போனால் காற்று எவ்வளவு நேரம் நிற்கிறது? இதயம் நின்றுவிட்டால் மார்பை அழுத்த வேண்டும். அப்போது காற்றைச் சட்டென்று இறக்க முடிகிறதா? உறை சுத்தம் செய்ய எளிதா? பம்ப் சத்தத்தில் நோயாளி தூங்குகிறாரா? இதையெல்லாம் நைட் டியூட்டி நர்ஸ்களிடம் கேளுங்கள். அலாரத்தை அணைத்து வைத்துவிட்டுத்தான் வேலை பார்க்கிறோம் என்று அவர்கள் சொன்னால், அதையும் அறிக்கையில் எழுதுங்கள்.