கிராம சபையில் மூன்று நிமிடம்: பேச்சைக் கடைசி வரியிலிருந்து எழுதுங்கள்

போன வருடம் மே 1 கிராம சபையில் தெருவிளக்குப் பிரச்சினையைப் பற்றி எட்டு நிமிடம் பேசினேன். நல்ல கைதட்டல். ஆனால் தீர்மானப் புத்தகத்தில் ஒரு வரிகூட ஏறவில்லை. ஊராட்சிச் செயலரிடம் கேட்டதற்கு, "என்ன வேணும்னு நீங்க சொல்லவே இல்லையே சார்" என்றார். ஆகஸ்ட் 15-க்கு வேறு மாதிரி தயாரித்தேன், தீர்மானம் நிறைவேறியது. அந்த முறைதான் இது.

1. கடைசி வரியை முதலில் எழுதுங்கள்

கடைசி வரி என்றால் உங்கள் கோரிக்கை, தீர்மானமாக ஏற வேண்டிய வரி. நான் அதிகம் திணறியது இங்கேதான். முதலில் "ஊராட்சி கவனம் செலுத்த வேண்டும்" என்று எழுதினேன். செலுத்திவிட்டோம் என்பார்கள், முடிந்தது கதை. அடுத்து "உடனடி நடவடிக்கை". அதுவும் காற்றுதான். நான்காவது முறைதான் இப்படி வந்தது: "பள்ளிக்கூட முக்கிலிருந்து பஸ் ஸ்டாப் வரை உள்ள ஆறு கம்பங்களிலும் எல்.இ.டி. விளக்குப் பொருத்தத் தீர்மானிக்கப்படுகிறது." செயலர் ஒரு சொல் மாற்றாமல் எழுதிக்கொள்ளலாம் என்றால் வரி சரி.

கேட்பது ஊராட்சியின் கையில் இருக்கிறதா என்றும் பாருங்கள். 1994 ஊராட்சிகள் சட்டம் 110-ஆவது பிரிவுப்படி பொதுச் சாலைக்கு விளக்குப் போடுவது ஊராட்சியின் கடமை. அதனால் நான் கெஞ்சத் தேவைப்படவில்லை.

2. காரணங்களைக் கொட்டி, வெட்டுங்கள்

ஒன்பது எழுதினேன், இரண்டை வைத்துக்கொண்டேன். "போன தலைவர் காலத்திலேயே..." என்பதை அடிக்கத்தான் மனசு வரவில்லை. ஆனால் அதைச் சொன்னால் பாதிக் கூட்டம் எதிரியாகிவிடும்.

3. எதிர்க்கேள்வியை நீங்களே கேளுங்கள்

"நிதி எங்கே?" என்று யாராவது எழுந்திருப்பார். அதற்குமுன் நீங்களே கேட்டுப் பதிலும் சொல்லிவிடுங்கள். காரணங்களுக்குப் பின், கோரிக்கைக்கு முன் இதற்கு இடம். சபையில் வைக்கும் வரவு செலவுக் கணக்கில் தெருவிளக்குச் செலவு என்ன என்று முன்பே குறித்து வைத்திருந்தேன்.

4. தொடக்கம் கடைசியில்

ஒரே காட்சி போதும். "நேற்று ராத்திரி ஏழரைக்கு டியூஷன் முடிந்த நாலு பிள்ளைகள் ஒரு செல்போன் டார்ச்சில் நடந்து வந்தார்கள்." திருக்குறள், வணக்க வரிசை எல்லாம் என்னைப் பொறுத்தவரை நேர விரயம்.

அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆலன் மன்றோ 1930களில் கவனம், தேவை, தீர்வு, காட்சி, செயல் என்று ஐந்து படி வகுத்தார். பேசும்போது ஏறக்குறைய அதே வரிசைதான். எழுதும்போது மட்டும் நான் தலைகீழாகப் போகிறேன்.

5. அட்டை

போஸ்ட்கார்டு அளவில் ஒரே அட்டை, முழு வாக்கியம் கடைசி வரிக்கு மட்டும். மற்றவை இரண்டிரண்டு சொல். செல்போனைப் பார்த்துப் பேசாதீர்கள், வெயிலில் திரை தெரியாது. வீட்டில் ஸ்டாப்வாட்ச் வைத்து மூன்று தடவை சத்தமாகப் பேசிப் பாருங்கள்.

பின்சேர்க்கை: "பொருள் பட்டியலில் இல்லை" என்று சபையில் தடுத்ததாக, இதைப் படித்த ஒருவர் எழுதியிருந்தார். கூட்டத்துக்கு முன்பே தலைவரிடம் எழுத்தில் கொடுத்து, நகலில் ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். இன்னொருவருக்குப் பாதியிலேயே மைக் போய்விட்டதாம். அதைப் படித்த பிறகு, கடைசி வரியை அட்டையின் தலையிலும் எழுதிவிட்டேன். இப்போது டியூஷன் பிள்ளைகளைச் சொன்ன கையோடு ஒருமுறை, முடிவில் ஒருமுறை.