காங்கிரி வைத்துக் குளிர் காய்கிறீர்களா? இதையெல்லாம் செய்யாதீர்கள்

காஷ்மீரில் டிசம்பர் 21 முதல் 40 நாள் 'சில்லாய் கலான்', அதாவது உச்சக் குளிர். அப்போது ஃபெரன் என்ற தொளதொள அங்கிக்குள் காங்கிரியைப் பிடித்தபடிதான் பலரும் நடமாடுவார்கள். மண்சட்டி, அதைச் சுற்றிக் குச்சிகளால் பின்னிய கூடை, உள்ளே தணல், அவ்வளவுதான். கரண்ட் போனாலும் கவலையில்லை, போகிற இடத்துக்கெல்லாம் கையோடு எடுத்துப் போகலாம். அருமையான பொருள், அதனால்தான் இதைத் தப்பாகப் பயன்படுத்துவதைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை.

பெரிய தவறு, தினமும் ஒரே இடத்தில் வைத்துக்கொள்வது. குந்தி உட்கார்ந்து தொடைகளுக்கு நடுவில் வைத்தால் இதமாகத்தான் இருக்கும், தோல் சுடாது, கொப்புளமும் வராது, அதனால் யாரும் கண்டுகொள்வதில்லை. ஆனால் அந்த மிதமான சூடு வருஷக்கணக்கில் பட்டுப் பட்டு, தொடையிலும் அடிவயிற்றிலும் வலை விரித்த மாதிரி பழுப்புத் தழும்பு விழும். சிலருக்கு அதே இடத்தில் பின்னாளில் தோல் புற்றுநோய் வருகிறது. 'காங்கிரி புற்றுநோய்' என்றே மருத்துவத்தில் அதற்குப் பெயர், 1866-லேயே எல்ம்ஸ்லி என்ற டாக்டர் இதைப் பற்றி எழுதிவிட்டார். ஆகவே துணிக்கு மேல் வையுங்கள், அடிக்கடி இடம் மாற்றுங்கள். பழைய தழும்பில் ஆறாத புண்ணோ கட்டியோ தெரிந்தால் மருந்து தடவிப் பார்க்கலாம் என்று நாளைக் கடத்தாமல் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

அடுத்தது, படுக்கைக்குள் எடுத்துக்கொண்டு தூங்குவது. புரண்டு படுத்தால் போச்சு, தணல் கொட்டிப் போர்வை பற்றிக்கொள்ளும். கொட்டாவிட்டாலும், அடைத்த அறையில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும், அதற்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. புகை இல்லையே என்று நம்பிவிடக் கூடாது. தலைவலி, குமட்டல், தலைசுற்றல் என்றால் முதலில் அறையை விட்டு வெளியே வாருங்கள், அப்புறம் மற்றதைப் பார்க்கலாம். தூங்கப் போகும்முன் காங்கிரியை வெளியே வைத்துவிட வேண்டும். புதுக் கரியையும் வீட்டுக்குள் பற்றவைக்காதீர்கள், வெளியில் வைத்துப் புகை அடங்கிய பிறகு கொண்டுவாருங்கள்.

சும்மா சும்மா கிளறுவதும் வேண்டாம். மேலே மூடிக்கிடக்கும் சாம்பல்தான் கரியை மெதுவாக எரிய வைக்கிறது, அதைக் கலைத்தால் சூடு திடீரென்று ஏறும், கரியும் சீக்கிரம் தீர்ந்துபோகும். கூடையோடு தொங்கும் சின்னக் கரண்டியால் சூடு குறையும்போது மட்டும் லேசாகத் தள்ளிவிட்டால் போதும்.